கரை ஏறாத கட்டை

மத்திய அந்தமான், மரக் கேம்ப்
10-2-1952

அன்புள்ள அக்கா பட்டம்மாளுக்கு, தம்பி நீலமேகம் எழுதிக்கொண்டது. நான் சுகம். நீயும் மாமாவும் சுகமா, உன் இடுப்பு வலி குறைந்ததா என்று எழுது.

கடலில் வலை போடுகிறவனுக்குக் காட்டில் என்னடா வேலை என்று கப்பல் ஏறும்போது கேட்டாய். வந்து பார்த்தால் இங்கே நடப்பதும் நம் வேலைதான். வெட்டின மரத்தை யானை இழுத்துவந்து உப்பங்கழியில் தள்ளுகிறது. அங்கிருந்து கப்பல் நிற்கிற இடம் நாலு மைல். மிதக்கவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். இதில் ஒரு கூத்து கேள். படாக் என்று ஒரு மரம், ரத்தச் சிவப்பு. கனமென்றால் அப்படி ஒரு கனம், தண்ணீரில் விட்டால் நேரே அடிக்குப் போய்விடும். அதனால் இரண்டு மிதக்கிற கட்டைகளுக்கு நடுவே அதை வைத்துப் பிரம்பால் கட்ட வேண்டும். மற்றவர்கள் கட்டினால் வழியிலேயே அவிழ்ந்து கட்டை முழுகிவிடும். நான் நம் கட்டுமர முடிச்சைப் போட்டேன். மேஸ்திரி அசந்துபோய், "நீ கோடரியைத் தொடாதே, முடிச்சு மட்டும் போடு" என்று சொல்லிவிட்டார்.

மெட்ராஸ் பக்கம் அணை கட்டுகிறார்களாம், ரயில் பாதை போடுகிறார்களாம், கடலில் பாலம் கட்டுகிறார்களாம். எல்லாவற்றுக்கும் மரம் இங்கிருந்துதான். முன்பெல்லாம் ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாத மரத்தைத்தான் தொடுவார்களாம். இப்போது என் தொடை கனம் இருந்தாலே போதும், சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுகிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும், சிரிக்காதே. நம் நைனா புதுக் கட்டையை முதல்முதல் தண்ணீரில் விடும்போது, அதன் நுனியில் வாயை வைத்துப் பேர் சொல்லுவாரே. பேர் சொன்ன ஆளைக் கட்டை கரை சேர்த்துவிடும் என்பாரே. அது கட்டுமரக் கட்டைக்கு மட்டும்தானா, எந்தக் கட்டைக்கும் ஆகுமா?

நீ பிறந்ததிலிருந்து செருப்புப் போட்டதில்லை. இங்கே பர்மாக்காரர் கடையில் வெல்வெட்டுச் செருப்பு விற்கிறார்கள். டிசம்பரில் அக்ரிமெண்ட் முடிந்து வரும்போது உனக்கு ஒரு ஜோடி நிச்சயம்.

உன் பிரியமுள்ள தம்பி,
நீலமேகம்

இராயபுரம், கல்மண்டபத்துக்குக் கிழக்கே
8-3-1952

என் கண்ணான தம்பி நீலமேகத்துக்கு ஆசீர்வாதம். நாங்கள் சௌக்கியம். இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது. அதற்கென்ன, அது என்னோடு பிறந்தது.

உன் மாமா இப்போது கடலுக்குப் போகவில்லை. நம் குப்பத்துக்குத் தெற்கே ஒரு கம்பெனி கரிக்கப்பல் ஒதுங்குவதற்குக் கடலுக்குள் பெரிய மரப் பாலம் கட்டுகிறது. நானூறு மரங்களைக் கடலுக்கடியில் அடித்து இறக்க வேண்டுமாம். வின்ச்சு ஒன்று இரும்புக் குண்டைத் தூக்கித் தூக்கி மரத்தின் தலையில் போடும். எத்தனை அடியில் மரம் அசையாமல் நின்றது என்று எண்ணிச் சொல்லுகிற வேலை மாமாவுக்கு. "வலைல வுழுந்த மீன எண்ணிக்கினு இருந்தேன், இப்ப குண்டு வுழறத எண்ணிக்கினு கீறேன்" என்று அலுத்துக்கொள்கிறார். ஆனாலும் வாரக் கூலி தப்பாமல் வருகிறது. மரமெல்லாம் உங்கள் தீவிலிருந்துதான் வருகிறதாம். சிவப்புக் கட்டையைப் பார்த்தால் நீ தொட்டு அனுப்பியது என்று நினைத்துக்கொள்கிறேன்.

பாலத்துக்காக அவர்கள் கல்லைக் கொட்டினதிலிருந்து நம் பக்கம் மணல் வருவது நின்றுவிட்டது. போன வாரம் வலை காயப்போடுகிற இடம் அப்படியே கடலுக்குள் போய்விட்டது. நாங்கள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம்.

நீ கேட்டதற்குப் பதில். அது கரை ஏறுகிற கட்டைக்குத்தான். நாம் தினமும் கட்டுமரத்தை அவிழ்த்து, ஒவ்வொரு கட்டையாக மணலில் இழுத்துப் போடுகிறோம் அல்லவா? கட்டை கரை ஏறினால்தான் பேர் இறங்கும். தண்ணீரிலேயே நின்றுவிட்டால் பேரும் அங்கேயே நின்றுவிடும். காட்டில் உட்கார்ந்துகொண்டு எதற்கு இந்தக் கேள்வி? வேலையைப் பார்.

பாசமுள்ள அக்கா,
பட்டம்மாள்

மரக் கேம்ப்
11-4-1952

அன்புள்ள அக்காவுக்கு, நான் நலமே. நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. அதற்குள் நான் செய்துவிட்டேன், திட்டாதே. மார்ச் மாதம் ஒரு நாள் மனசே சரியில்லை. உன்னையும் வீட்டையும் நினைத்து அழுகை வந்துவிட்டது. அன்றைக்குக் கட்டின படாக் கட்டை அறுபது அடி நீளம். மெட்ராஸ் போகிறது என்று மேஸ்திரி சொன்னார். நீயாவது போகிறாயே என்று நினைத்து, அதன் நுனியில் வாயை வைத்து என் பேரைச் சொன்னேன். அடிப்பக்கத்தில் உளியால் இரண்டு மீன் செதுக்கினேன். மாமா கண்ணில் பட்டால் நான் சுகமாக இருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டை ஏப்ரல் முதல் வாரக் கப்பலில் ஏறிவிட்டது.

நான் செய்ததைப் பார்த்து மாரியப்பனும் செய்தான். வியாசர்பாடிக்காரன், குத்துச்சண்டைப் பையன். "எனுக்கும் ஒரு கட்ட குடு வாத்யாரே. எங்க ஊர்ல கடல் இல்லாங்காட்டி இன்னா, ஹார்பர்ல எறங்கி நடந்தே பூடறேன்" என்று சொல்லி, தன் கட்டையில் மூடின முஷ்டி ஒன்றைச் செதுக்கினான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நீ எழுதினதைப் படித்த பிறகு சிரிப்பு வரவில்லை. நைனா மிதக்கிற கட்டைக்குத்தான் சொல்லுவார். நான் முழுகுகிற கட்டைக்குச் சொல்லிவிட்டேன். ஆனாலும் ஹார்பரில் தூக்கிக் கரையில்தானே வைப்பார்கள்?

இங்கே கிழக்கு மலையில் இப்போது ஒரு மரம்கூட இல்லை. மாலையானால் கிளிகள் போடுகிற சத்தத்தில் பேச முடியாது. பத்து நாளாக ஒன்றையும் காணோம். மேஸ்திரி கூப்பிடுகிற குரல் மலையில் பட்டுத் திரும்பி வருகிறது. முன்பு அப்படித் திரும்பியதில்லை. குடிக்கிற ஓடையும் சிவப்பாக ஓடுகிறது.

உன் தம்பி,
நீலமேகம்

இராயபுரம்
14-5-1952

தம்பிக்கு, அக்கா எழுதுவது. இவ்விடம் யாருக்கும் குறைவில்லை. உன் உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்.

உனக்கு அறிவிருக்கிறதா? கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் செய்கிறவனை என்ன சொல்ல? ஹார்பரில் இறக்கிக் கரையில் வைப்பார்கள் என்று யார் சொன்னது? கப்பலிலிருந்து கட்டையைத் தண்ணீரில்தான் தள்ளுகிறார்கள். அங்கேயே மிதக்கிற கட்டைகளோடு கட்டி, தண்ணீரிலேயே இழுத்துக்கொண்டு பாலத்துக்குப் போய்விடுகிறார்கள். மண்ணைத் தொடுவதே இல்லை.

உன் கடிதம் முந்தாநாள் மாலை வந்தது. மாமா வேலை முடிந்து வந்ததும் இரண்டு மீன் செதுக்கின கட்டை எதையாவது பார்த்தீரா என்று கேட்டேன். கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். "இன்னிக்கு அடிச்சது அத்தாம்மே. மீனப் பாத்து இது இன்னா நம்ம பசங்க வேலையா கீதேன்னு நென்ச்சேன்" என்றார். திங்கட்கிழமை, பன்னிரண்டாம் தேதி, காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார்களாம். நுனிக்கு இரும்புப் பூண் போட்டுக் கீழே விட்டு, அடிப்பக்கம் குண்டு விழுந்தது. கரையிலிருந்து மூன்றாவது வரிசை, நாலாவது மரம். இருநூற்றுப் பதினேழாவது அடியில் அசையாமல் நின்றதாம். மற்ற மரங்களுக்கு இருநூறு போதும், இது கொஞ்சம் முரண்டு பிடித்தது என்று சொன்னார்.

நீ பயப்படாதே. பழைய பேச்சு, எல்லாம் நம்மவர்கள் கட்டிவிட்ட கதை. பன்னிரண்டாம் தேதி நீ சுகமாகத்தானே இருந்தாய்? அதை மட்டும் உடனே எழுது.

அக்கா

மரக் கேம்ப்
16-5-1952

அன்புள்ள அக்காவுக்கு, எல்லோரும் நலந்தானே? உன்னிடமிருந்து கடிதம் வருவதற்கு முன்னமே எழுதுகிறேன். கப்பல் நாளைக்குப் போகிறது.

எனக்கு ஏதோ நடந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும், கழியில் நின்று பிரம்பு கட்டிக்கொண்டிருந்தேன். யாரோ உச்சந்தலையில் ஓங்கி அடித்தார்கள். திரும்பினால் யாருமில்லை. அடி நின்று நின்று விழுந்தது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே எச்சில் விழுங்கலாம், அவ்வளவு நேரம். தப்பிக்க வழி தெரியாமல் எண்ண ஆரம்பித்தேன். இருநூற்றுப் பதினேழு. அப்புறம் நின்றுவிட்டது.

அன்றிலிருந்து தலை வலிக்கவில்லை, ஆனால் வாயில் சேற்று ருசி. கால் எப்போதும் சில்லென்று இருக்கிறது. வெயிலில் நீட்டி வைத்தாலும் சூடேறவில்லை. டாக்டர் மலேரியா என்று மாத்திரை கொடுத்தார். மலேரியாவாகத்தான் இருக்கும், இங்கே பாதிப் பேருக்கு அதுதான்.

நீலமேகம்

இராயபுரம்
10-6-1952

தம்பி நீலமேகத்துக்கு, நாங்கள் நலம்.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். எண்ணிக்கை வந்த இடத்தில் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். மறுநாள் மேஸ்திரியிடம், இனி நான் எண்ணமாட்டேன், கயிறு இழுக்கிற வேலை கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். "எண்ணிக்கினே ஒர்த்தன சாவடிச்ச மாரி கீது" என்று என்னிடம் சொன்னார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அந்த மரத்தைப் பிடுங்கிக் கொடுங்கள் என்று கம்பெனித் துரையிடம் கேட்டும் பார்த்துவிட்டார். சிரித்தார்களாம்.

மலேரியாதான் அது. மாத்திரையை விடாமல் சாப்பிடு. கால் எப்படி இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுது.

அக்கா

மரக் கேம்ப்
12-7-1952

அன்புள்ள அக்காவுக்கு, உன் இரண்டு கடிதங்களும் சேர்ந்து வந்தன. ஒளிக்காமல் எழுது என்கிறாய், எழுதுகிறேன்.

நான் நடந்து இருபது நாளாகிறது. கால் மரத்துப்போகவில்லை, கிள்ளினால் வலிக்கிறது. ஆனால் தூக்க முடியவில்லை. நேற்று நாலு பேர் சேர்ந்து என்னைக் கட்டிலோடு தூக்கிப் பார்த்தார்கள். யானை இழுக்கிற கட்டையைத் தூக்குகிறவர்கள், என்னை அசைக்க முடியவில்லை. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். பேய் என்று நினைக்கிறார்கள்.

மாரியப்பன் இறந்துவிட்டான் அக்கா. ஜூலை மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, பகல் பதினோரு மணி. என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவன், "அறுக்கறான் வாத்யாரே, யாரோ அறுக்கறான்" என்று சொல்லி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. காய்ச்சல் என்று எழுதிக்கொண்டார்கள்.

மழை விடாமல் அடிக்கிறது. மரமில்லாத மலை கரைந்து வருகிறது. சேறு என் குடிசையின் பின்சுவர் வரை வந்துவிட்டது. கேம்பை மேற்கே மாற்றுகிறார்கள், எல்லோரும் பத்து நாளில் போய்விடுவார்கள். நான் எப்படிப் போவேன்?

நீ என்ன யோசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சித்தப்பா பேர் சொன்ன கட்டை ஹார்பர்க் கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டு, சித்தப்பா எழுந்திருக்க முடியாமல் கரையில் உட்கார்ந்திருந்தாரே. நைனா முழுகிப் போய், கட்டையின் அடிப்பக்கத்தில் வாயை வைத்துத் தன் பேரைச் சொன்னார். கூடப் பிறந்தவர் பேர் ஏறினால் முதல் பேர் இறங்கிவிடும் என்பார்கள். சித்தப்பா எழுந்து நடந்தார், நைனா உட்கார்ந்துவிட்டார். ஐப்பசி அலை அந்தக் கட்டையைப் பிடுங்கிக் கரையில் போட்டதால்தான் நைனா பிழைத்தார். இந்தக் கட்டை கல்லிடுக்கில் மாட்டினதல்ல, அடித்து இறக்கினது. எந்த அலையும் பிடுங்காது.

நீ பாலத்துப் பக்கம் போகாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். தப்பு என்னுடையது, என்னோடு போகட்டும்.

நீலமேகம்

இராயபுரம்
26-7-1952

என் தங்கமான தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் நலமோ நலம். உன்னிடமிருந்து ஒன்றரை மாதமாகக் கடிதம் இல்லை. கப்பல் தாமதம் என்று சொல்கிறார்கள்.

நேற்று வெள்ளிக்கிழமை, பாலத்தில் எனக்கு ஒரு சின்ன வேலை இருந்தது. பகலில் ஆட்களெல்லாம் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் போனேன். முதல் நாலு வரிசைக்கு மேலே பலகை போட்டுவிட்டார்கள், மரத்தின் தலைகள் மட்டும் இன்னும் மூடாமல் தெரிகின்றன. நீ செதுக்கின மீனைப் பார்த்தேன். ஒன்றின் வால் கோணல். சின்ன வயதிலிருந்தே உனக்கு வால் சரியாக வராது. கொஞ்ச நேரம் அங்கே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நடந்து போன பலகை ஒன்றில் பாதி முஷ்டி தெரிந்தது. மாமாவைக் கேட்டேன். அந்தக் கட்டை வளைந்திருந்ததால், கரை ஏற்றாமல் பாலத்து மேலேயே இருக்கிற அறுப்பு வாளுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஜூலை மூன்றாம் தேதி பகலில் பலகையாக அறுத்தார்களாம். மாரியப்பன் சுகந்தானே?

பாலத்திலிருந்து வீடு ஒரு கூப்பிடு தூரம்தான். ஆனால் நேற்று வந்து சேர வெகு நேரமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு நீ எழுந்தாயா? எழுந்தேன் என்று ஒரு வார்த்தை எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

அக்கா

மேற்குக் கேம்ப்
12-8-1952

அக்கா, எழுந்தேன்! நடக்கிறேன், ஓடுகிறேன்! வெள்ளிக்கிழமை பகல் கட்டிலில் படுத்திருந்தேன், கேம்பில் நானும் ஒரு சமையல்காரரும்தான் பாக்கி. திடீரென்று கால் சூடாயிற்று. வாயிலிருந்த சேற்று ருசி போய்விட்டது. எழுந்து நின்று, வாசலைத் தாண்டி, மழையில் ஓடினேன். சமையல்காரர் சாமி வந்துவிட்டது என்று நினைத்துக் கும்பிட்டார். இரண்டு பேரும் மேற்கே போய்ச் சேர்ந்த அன்றே மலை சரிந்தது. மறுநாள் பார்க்கப் போனவர்களுக்குக் குடிசை இருந்த இடமே தெரியவில்லையாம். யானை கட்டுகிற கல் மட்டும் நுனி தெரிகிறதாம்.

இரண்டு நாள் சந்தோஷத்தில் எதுவும் தோன்றவில்லை. அப்புறம்தான் யோசித்தேன். என்னுடைய கடிதம் அதற்குள் உனக்கு வந்திருக்காது. நீயாகவே என்ன செய்தாய்? அக்கா, என்ன செய்தாய்?

இன்று உன் கடிதம் வந்தது. சின்ன வேலை என்று எழுதியிருக்கிறாய். என்ன வேலை என்று எழுதவில்லை.

அக்ரிமெண்டை முன்னாலேயே முடித்துக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். செருப்பு வாங்க வேண்டும், உன் கால் அளவுக்கு ஒரு நூல் அறுத்துக் கடிதத்தில் வைத்து அனுப்பு.

நீலமேகம்

இராயபுரம்
18-9-1952

தம்பிக்கு, உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. ஓடுகிறேன் என்று எழுதின இடத்தில் தாள் கிழிந்தேவிட்டது. எனக்கு அது போதும்.

மாரியப்பன் அம்மாவுக்குச் சொல்ல மாமா வியாசர்பாடி போய்வந்தார். இடுப்பில் அறுத்தது என்பதைச் சொல்லவில்லை, காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்.

இங்கே பக்கத்து வீட்டு எத்திராஜ் வீடு போன வாரம் கடலுக்குள் போயிற்று. பானை சட்டியை எடுக்க நேரமிருந்தது, ஆட்டைத்தான் எடுக்க முடியவில்லை. குப்பத்தில் பாதிப்பேர் மேற்கே போய்க் கொட்டகை போட்டுவிட்டார்கள். மாமாவும் போகலாம் என்கிறார். நான்தான் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஜன்னல் ஓரம் பாய் போட்டுக்கொண்டால் பாலம் நேராகத் தெரிகிறது, காற்றும் நன்றாக வருகிறது. தண்ணீர் மாமா பிடித்துக்கொண்டு வருகிறார், சமையலும் அவர்தான். உப்பு மட்டும் கை தெரியாமல் போட்டுவிடுகிறார்.

ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்று தெரிந்தது. அந்த மரம் முதலில் கரையிலிருந்து மூன்றாவது வரிசையில் இருந்தது. இப்போது எண்ணினால் நடுக்கடலில் இருக்கிறது. கட்டை நகரவில்லை தம்பி, கரைதான் அதைவிட்டு விலகிப் போகிறது.

நைனா மூன்றே மாதத்தில் எழுந்து நடந்தார். ஐப்பசி வரட்டும்.

அக்கா

போர்ட் பிளேர்
24-10-1952

அன்புள்ள அக்காவுக்கு, நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் நலம் என்பாய்.

உன் கடைசி இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்துப் படித்தேன். தண்ணீர் மாமா பிடிக்கிறார், சமையல் மாமா செய்கிறார். அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நீ ஒரு இடத்துக்கும் போனதாக ஒரு வரி இல்லை. குழாயடிக்குப் போகாமல், சண்டை போடாமல் ஒரு நாள் இருந்தவளா நீ? நூலும் அனுப்பவில்லை.

நான் உன்மேல் அவ்வளவு கோபமாக இருக்கிறேன். அதைவிட அழுகைதான் வருகிறது. விடுதலை கொடுத்துவிட்டார்கள். போர்ட் பிளேர் வந்துவிட்டேன், இருபது நாளில் கப்பல். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் புறப்படும் சரக்குக் கப்பலில் வருகிறது. நேரே பாலத்துக்குப் போவேன். என் பேரைத் திரும்பச் சொல்லுவேன். தடுக்காதே.

இங்கே கப்பல் மேடையில் அறுநூறு கட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள், எல்லாம் மெட்ராஸ் போகிறவை. கட்டை கட்டுகிற பையன்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகக் கேட்டேன், யாராவது பேர் சொன்னீர்களா என்று. பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நீலமேகம்

இராயபுரம்
5-11-1952

என் செல்லத் தம்பி நீலமேகத்துக்கு, அக்கா பட்டம்மாள் ஆயிரம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீ கப்பல் ஏறுவதற்குள் இது கையில் கிடைக்க வேண்டுமென்று மாமா ஹார்பருக்கு ஓடி, புறப்படுகிற கப்பல்காரர் ஒருவரிடம் கொடுக்கப் போகிறார்.

பாலத்துக்கு வராதே. வந்தாலும் பிரயோசனமில்லை. மரத்தின் தலைகளுக்கு மேலே காங்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். வாய் வைக்க இடமில்லை. இதை நினைத்து நான் நிம்மதியாகத் தூங்குகிறேன், நீயும் தூங்கு. உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா நான், கட்டை என்னைச் சுமந்துகொண்டு நிற்கட்டும். என் பேருக்கு அது உறுதியான இடம்தான்.

ஐப்பசி வந்தது, அலையும் வந்தது. குப்பத்தில் பதினோரு வீடு போயிற்று. பாலம் அசையவில்லை. மாமா காலையிலும் மாலையிலும் போய் அந்த மரத்தைத் தள்ளிப் பார்க்கிறார். "நான் எண்ணி அடிச்சது, எப்டிமே வரும்" என்று திரும்பி வந்து என் மடியில் தலையை வைத்துக்கொள்கிறார். அவரைக் கோபிக்காதே. நேற்று எட்டுப் பேரைக் கூட்டிவந்து என்னைத் தூக்கச் சொன்னார். எட்டாவது ஆள் கையை எடுத்துவிட்டு ஓடிவிட்டான்.

கிழக்குச் சுவர் விழுந்துவிட்டது. கூரை இருக்கிறது. அலை வந்தால் இடுப்பு வரை வருகிறது, போனால் போய்விடுகிறது. இழுத்துக்கொண்டு போகாமலிருக்க மாமா என்னை நடுத்தூணோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். நம் கட்டுமர முடிச்சுதான், நீ போடுவது போல அழகாக இல்லை. கயிறே தேவையில்லை என்று எனக்குத் தெரியும், அவர் மனசுக்காகக் கட்டிக்கொண்டேன். இதை எழுதப் பலகை ஒன்றை மார்போடு வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பையன்களிடம் சொல், அவர்கள் கட்டை எங்கே போகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளட்டும். அக்கா தங்கைக்கு மட்டும் எழுத வேண்டாம்.

நீ கரை ஏறினதும் கல்மண்டபத்தண்டையே நில். மாமா வந்து உன்னைப் பார்ப்பார். நீ நடந்து வருவதை நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன்.

செருப்புக்கு அளவு கேட்டிருந்தாய். நூலை எடுத்து மூன்று தரம் குனிந்து பார்த்தேன். முழங்கால் வரை மணலுக்குள் போய்விட்டது, பாதம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அதனால் செருப்பு வாங்காதே.

மற்றபடி இவ்விடம் நாங்கள் இருவரும் நலம்.

உன் அக்கா,
பட்டம்மாள்